வாயில் கேக்கோடு ஒரு விளக்கம்

சர்க்கரை நோயாளிகளுக்குள் ‘விளக்கச் சர்க்கரைக்காரர்’ என்று ஒரு தனி இனம் இருக்கிறது. மற்றவர்கள் மாத்திரை போடுவார்கள், நடப்பார்கள், வாயைக் கட்டுவார்கள். இவர் விளக்குவார். அதுவும் வாயில் கேக்கோடு விளக்குவார்.

எங்கள் அச்சகத்தில் பிழைதிருத்தும் அண்ணன் இந்த இனத்தின் சிங்கம். ஒரு மருத்துவ இதழ் எங்களிடம் அச்சுக்கு வந்த நாள் முதல் அவரைப் பிடிக்க முடியவில்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் போதும், கேக்கின் முதல் துண்டைக் கையில் எடுத்து, இரண்டாவதின் மேல் கண்ணை வைத்து, செல்லுக்குள் குப்பை வண்டி ஒன்று ஓடுகிறது, வேண்டாத புரதங்களை உடைத்து அள்ளுவது அதன் வேலை, சிலர் உடம்பில் அது தலைகால் தெரியாமல் ஆடி, இன்சுலின் கொண்டுவரும் சேதியை வாங்கி உள்ளே கொடுக்கிற நல்ல புரதத்தையும் உடைத்துப் போட்டுவிடுகிறது, அப்புறம் இன்சுலின் தொண்டை கிழியக் கத்தினாலும் செல்லுக்குக் கேட்காது, சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்.

“இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லு?” என்பார்.

யார் சொல்வது? அதற்குள் இரண்டாவது துண்டும் காணாமல் போயிருக்கும்.

அவர் சொன்னதெல்லாம் அந்த இதழில் வந்த ஒரு கட்டுரையில் இருந்ததுதான். ஆனால் நீளமான கட்டுரைகளை நாங்கள் இரண்டாகப் பிரித்துத்தான் பிழைதிருத்தக் கொடுப்போம். அண்ணனுக்கு வந்தது முன்பாதி. கண்டதைத் தின்று உட்கார்ந்தே இருந்தால் இந்தக் கோளாறு முற்றும், நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்கிற பின்பாதி பக்கத்து மேசை அக்காவுக்குப் போனது. அக்கா மறுநாளே நடக்க ஆரம்பித்தார். அண்ணன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

பிறகு செருப்பு கடித்து அவர் கால் கட்டைவிரலில் புண் வந்தது. ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவியோடு துணைக்கு நானும் போயிருந்தேன். இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். அண்ணன் உடனே அவருக்கே செல்லைப் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

அண்ணி குறுக்கிட்டார். “விரலை எடுத்தாலும் இவர் ஏன் எடுத்தாங்கன்னு விளக்கிட்டு இருப்பார், டாக்டர். எனக்குத்தான் பயமா இருக்கு.”

அண்ணன் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. பிறகு, இனிமேல் தினமும் நடக்கட்டுமா என்று மெல்லக் கேட்டார். புண் ஆறும்வரை காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் கால் இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன? பிறகு ஏன் இன்னும் எழுந்திருக்காமல், இதை நாளைக்கு யாரிடம் விளக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?