மீசை காத்த எருக்குழி

எழுபத்தேழாம் வருஷம் மார்கழியில், மச்சான் ஜக்கையன் காதுபட ஒச்சப்பன் சபதம் போட்டார்.

"இனி அடுப்படிக் கழிவுல ஒரு தோல்கூட வெளிய போகாது. பங்குனிக்குள்ள எருவாக்கிக் காட்டுறேன். ஆகலைன்னா மீசைய எடுத்துர்றேன்."

ஜக்கையன் ராசிங்காபுரத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி. சிரிக்கவில்லை. சவரக்கத்தியைத் தீட்டி வைக்கச் சொல்லிவிட்டு பஸ்சு ஏறினார்.

போடியில் ஏலக்காய் தரம் பார்ப்பது ஒச்சப்பனின் சோலி. மேலாக இருக்கும் காயைச் சட்டை செய்யமாட்டார். முழங்கை வரை மூட்டைக்குள் விட்டு, அடிக்காயை எடுத்துப் பார்த்துத்தான் பேசுவார். கொல்லையில் வெட்டிய குழியை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலாக எட்டிப் பார்ப்பார். தினமும் பளபளவென்று வாழைக்காய்த் தோல்.

"என்னடி, மூணு மாசமாச்சு. மக்கு எங்க?"

"எங்கயும் போகல. இங்கனதான் நிக்குது," என்றாள் மனைவி செல்லக்கிளி, அவரையே பார்த்தபடி.

பங்குனிக் கடைசி ஞாயிறு. மச்சான் வரும் நாள். செல்லக்கிளி கடைக்குப் போன நேரம் பார்த்து ஒச்சப்பன் அடுத்த வீட்டுச் சோலையம்மாளிடம் ஓடினார். அவள் கொல்லையில் சாக்குச் சாக்காக எரு இருந்தது.

"தாயி, ஒரு சாக்கு குடு. செல்லக்கிளிக்குத் தெரிய வேணாம்."

"என் வாயால வராதுண்ணே. வெரசாத் தூக்கிட்டுப் போங்க." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏனென்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. தோலெல்லாம் மூடும்படி குழியில் கொட்டினார்.

ஜக்கையன் வந்தார். ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"எரு அருமையா இருக்கு மாப்ளே. உங்க குழியில ஆனதுதானா?"

ஒச்சப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். ஜக்கையன் மறுபடி கைவிட்டார். ஒரு மூக்குப்பொடி டப்பா வந்தது. மூடியில் 'ஒச்சு' என்று ஆணியால் கீறியிருந்தது. தையில் தொலைந்து, வீட்டையே தலைகீழாக்கித் தேடிய டப்பா.

"உங்க டப்பாவேதான். சந்தேகப்பட்டது என் தப்பு மாப்ளே."

மீசை பிழைத்தது. ஆனால் அடுத்த வீட்டுச் சாக்குக்குள் தன் டப்பா எப்படி வந்தது? ஒச்சப்பன் மெதுவாக அடுப்படிக்குப் போனார். செல்லக்கிளி காப்பியை நீட்டினாள்.

"குழியில கெடந்தா கோழி கிளறிருது. அதான் அடியில ஆனத அள்ளி, சோலையம்மா வீட்டுச் சாக்குல சேத்து வச்சேன். ஒரு நாளாச்சும் அடியில கைவிட்டுப் பாப்பீகன்னு இருந்தேன்."

மூன்று மாதம் பாடுபட்டவள், அண்ணன் முன்னால் ஒரு வார்த்தை விடவில்லை. ஒச்சப்பனுக்கு மனசு நிறைந்து கண் கலங்கியது. இவளைக் கட்டிக்கொள்ளக் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கொல்லையிலிருந்து ஜக்கையன் குரல் கொடுத்தார். "ஆத்தா, இன்னும் மக்காம எதுவும் கெடக்கா?"

"எல்லாம் மக்கிருச்சுண்ணே. ஒண்ணே ஒண்ணுதான் மக்காவே இருக்கு. இங்கன காப்பி குடிச்சிக்கிட்டிருக்கு."