மருதானைக்கு அடுத்த ஸ்டேசன்

"முகத்துவாரத்துலதான் தங்கணும்னு நான் எங்க சொன்னேன்? அங்கேயும் தங்கலாம்னுதானே சொன்னேன்," அப்படின்னாரு யாகப்பர்.

"அப்ப பொரளையில தங்கலாம்."

"பொரளையிலயும் தங்கலாம்."

"நாலு நாள் லீவு. ரெண்டு ஆளு. எத்தன எடத்துல தங்குறது?"

பியட்றிஸ் சுளகுல கல்லுப் பொறுக்கிக்கிட்டே கேட்டா. தலைய நிமித்தல. தலைய நிமித்தாம அவ கேக்குற கேள்விக்குத்தான் யாகப்பர் கூடுதலா பயப்படுவாரு.

"கொழும்புன்னா சும்மா இல்ல புள்ள. எந்தப் பகுதியில தங்குறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன். என் தங்கச்சி வீடு பொரளையில இருக்கு."

"சுவக்கின் வீடு முகத்துவாரத்துல இருக்கு. மேல் வீட்டுல ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்காம்."

"சுவக்கின் அண்ணன் நமக்கு யாரு?"

"என்னோட ஒண்ணா வேலை செஞ்சவன்."

"வின்சன்ட்டு யாரு?"

"ஒன் தங்கச்சி புருஷன்."

"நமக்கு யாருன்னு கேட்டேன்."

யாகப்பர் கதிரையில கொஞ்சம் நகந்து உக்காந்தாரு. "சகலை," அப்படின்னாரு.

பேச்சு அங்க முடிஞ்சுது. அந்த வீட்டுல பேச்சு எப்பவும் யாகப்பர் ஒரு உண்மையச் சொன்னதும் முடிஞ்சுரும்.

சகலை வின்சன்ட்டு கெட்ட மனுஷன் இல்ல. ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். யாரப் பாத்தாலும் அவருக்கு நோயாளியாத்தான் தெரியும். கண்டியில இருந்த காலத்துல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்லயே வச்சு, "சகலை, நாக்க நீட்டுங்க," அப்பிடிம்பாரு. அப்பத்தான் நற்கருணை வாங்கின நாக்கு. அதையும் நீட்டச் சொல்லிப் பாத்து, பேதிக்கு எழுதிக் குடுப்பாரு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி அவரு கொழும்புக்கு மாத்தலாகிப் போன அன்னைக்கு, யாகப்பர் அந்தோனியாருக்கு ரெண்டு மெழுகுதிரி கொளுத்தினாரு. வழிப்பயணம் நல்லபடியா அமையணும்னு வேண்டினதா பியட்றிஸ் நெனச்சுக்கிட்டா.

ஆனா முகத்துவாரத்து ஆசைக்குக் காரணம் வின்சன்ட்டு இல்ல. காரணம் கடல்.

யாகப்பர் கண்டி ரயில்வே குட்செட்டுல கிளாக்கர். தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்கள்லேருந்து வர்ற தேயிலைப் பெட்டிய எண்ணி, மேல அடிச்சிருக்கிற மார்க்கப் பாத்து, துறைமுகத்துக்குப் போற வேகன்ல ஏத்தி விடுறது அவரு வேலை. பெட்டியில லண்டன்னு இருந்தா பெட்டி லண்டனுக்குப் போயிரும். பத்தொம்பது வருஷமா அவரு தொட்டுத் தடவி அனுப்பின பெட்டியெல்லாம் கப்பல் ஏறிருச்சு. அனுப்பினவரு கடலக் கண்ணால கண்டதில்ல.

ரயில்வேக்காரனுக்கு வருஷத்துக்கு மூணு பாஸு சும்மா குடுக்குறாங்க, போய்ப் பாக்குறதுக்கென்னன்னு நீங்க கேப்பீங்க. குடுத்தாங்கதான். நாவலப்பிட்டியில மாமியாருக்கு முடியல, அதுக்கு ஒண்ணு. வாஹாகோட்டை அந்தோனியார் திருநாளுக்கு ஒண்ணு. ஹட்டன்ல மச்சினன் கல்யாணத்துக்கு ஒண்ணு. மறு வருஷம் மாமியாருக்கு மறுபடியும் முடியல. மச்சினனுக்கு ரெண்டாங் கல்யாணம். ரயில் பாதை கடல் பக்கமும் போகுதுங்கிறது அந்தக் குடும்பத்துலயே யாகப்பருக்கு மட்டுந்தான் தெரிஞ்ச ரகசியம்.

சின்ன வயசுல, ஹந்தானை மலை உச்சியில ஏறினா கடல் தெரியும்னு தோட்டத்து லய வீட்டுல யாரோ சொன்னாங்க. மூணு தடவ ஏறினாரு. மொதத் தடவ பனி. ரெண்டாந்தடவ மழை. மூணாந்தடவ வானம் பளிச்சுன்னு இருந்துச்சு. அந்த மலைக்குப் பின்னால இன்னொரு மலை தெரிஞ்சுது.

அவரு அப்பா தூத்துக்குடியிலேருந்து கப்பல்ல வந்த ஆளு. கப்பல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, "வாந்தி," அப்பிடிம்பாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. சாகுறதுக்கு முந்தி ஒரே ஒருக்காத்தான், "கப்பல் ஊதினா காதுல கேக்காதுடா. வயித்துல கேக்கும்," அப்படின்னாரு. யாகப்பர் அத முப்பது வருஷமா வச்சிருந்தாரு.

கொழும்புலேருந்து ஏறி வர்ற கருவாட்டு மூட்டை, உப்பு மூட்டையெல்லாம் குட்செட்டுல எறங்கும். ஆளில்லாத நேரமாப் பாத்து, உப்பு மூட்டையில ஒரு வெரல வச்சு எடுத்து நாக்குல தடவிப் பாப்பாரு. கண்ண மூடிக்குவாரு. அவருக்குத் தெரிஞ்ச கடல் அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில தேயிலை வெல விழுந்துச்சு. பெட்டி கொறஞ்சுது. ஆளையும் கொறைக்கப் போறாங்க, அடுத்த வருஷம் பாஸு இருக்குமோ ஆளு இருக்குமோன்னு ஒரு பேச்சு. சும்மா நிக்கிறவங்களுக்கு நாலு நாள் லீவு குடுத்தாங்க. அதுக்கு முந்தியே சுவக்கின்கிட்டேருந்து ஒரு கடுதாசி வந்திருந்துச்சு. "மேல் ரூம்பு ஜன்னலத் தெறந்தா கப்பல் வீட்டுக்குள்ள வந்துரும்போல இருக்கும். நீயும் பியட்றிஸும் வாங்க." யாகப்பர் அந்தக் கடுதாசிய ரெண்டு மாசமா காக்கிச் சட்டைப் பையில வச்சிருந்தாரு. நடுவுல ஒரு நாள் எடுத்துப் பாத்தா மை கலைஞ்சு, தாள் சுருங்கிக் கெடந்துச்சு. கடல் காத்துல எழுதின கடுதாசி அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு, மோந்து பாத்துட்டு மடிச்சு வச்சாரு.

பியட்றிஸுக்கும் ஒரு ஆசை இருந்துச்சு. தங்கச்சி றீற்றாவோட கடைசிப் பிள்ளைக்கு எட்டு மாசம். இன்னும் பாக்கல. பியட்றிஸுக்குப் பிள்ளை தங்கல, ரெண்டு தடவ. அதப்பத்தி வீட்டுல பேச்சு இல்ல. மாசக்கணக்கா உக்காந்து கம்பளியில ஒரு தொப்பி பின்னியிருந்தா. கொழும்பு வெயிலுக்குக் கம்பளித் தொப்பி எதுக்குன்னு யாகப்பர் கேக்கல. கேக்குற அளவுக்கு அவரு கல்நெஞ்சுக்காரர் இல்ல.

அதனால திட்டத்தையும் ஞாயமாத்தான் போட்டாரு. ஒரே ஒரு ராத்திரி முகத்துவாரம். மிச்சம் மூணும் பொரளை. அவளுக்கு மூணு, நமக்கு ஒண்ணு. நேராக் கேட்டா அந்த ஒண்ணும் கெடைக்காது. ஆகவே பாஸுல கோட்டை ஸ்டேசன்னு எழுதி வாங்கிரணும். கோட்டையில எறங்கினா துறைமுகம் கூப்பிடு தூரம், அதத் தாண்டினா முகத்துவாரம். "பொரளை ட்ராம்ல இந்நேரம் நிக்க எடம் இருக்காது, சுவக்கின் வீட்டுல மூட்டைய வச்சுட்டுப் போவோம்"னு ரிக்‌ஷாவுல ஏத்திர வேண்டியது. வச்ச மூட்டைய சுவக்கின் எடுக்க விடுவானா?

மறுநாள் ஆபீஸ்ல பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் பாஸு எழுதுற ஃபாரத்த முன்னால வச்சுக்கிட்டு கேட்டாரு. அவரு யாழ்ப்பாணத்து ஆளு.

"ஓம், யாகப்பர். எந்த ஸ்டேசன்?"

"கோட்டை."

"உம்முடைய மனுசி பொரளைக்குப் போறதெண்டல்லோ சொல்லித் திரியிறா? பொரளைக்கு மருதானைதான் கிட்ட."

"கோட்டைன்னே போடுங்க ஐயா."

முத்துலிங்கம் கண்ணாடிக்கு மேலால ஒரு பார்வை பாத்தாரு. எழுதிக் குடுத்தாரு. யாகப்பருக்கு நெஞ்சு லேசாச்சு. முத்துலிங்கம் வீடும் இவரு வீடும் ஒரே சுவரு, ரெண்டு வீட்டுப் பொம்பளைகளுக்கும் ஒரே தண்ணிப் பைப்புன்னு அவருக்கு அப்ப ஞாபகம் வரல. ஞாபகம் வந்தது வேற. மார்க்கு. மார்க்குல என்ன ஊரோ அங்கதான் எறக்குவாங்க. பத்தொம்பது வருஷத்துல ஒரு பெட்டி தப்பினதில்ல.

"எந்த ஸ்டேசனுக்கு எழுதினீங்க?" அன்னைக்கு ராத்திரி சோறு போடயில பியட்றிஸ் கேட்டா.

"கொழும்புக்குத்தான்."

"கொழும்புன்னா சரி," அப்படின்னுட்டு இன்னொரு கரண்டி பருப்பு ஊத்தினா. கேக்காமலே ஊத்தினா. அப்பவாவது யாகப்பர் யோசிச்சிருக்கலாம். பருப்பு நல்லா இருந்துச்சு. அவரு யோசிக்கல.

காலை ரயில். மூணாங் கிளாஸ். ஸ்டேசன் பேர்ப் பலகை கண்ணுல படாதபடிக்கு, பிளாட்பாரம் இல்லாத பக்கமா பியட்றிஸ உக்கார வச்சாரு.

"அந்தப் பக்கம் கரி பறக்கும்."

"இந்தப் பக்கம் பறக்காதா?"

"பறக்கும். கொஞ்சமா."

கடுகண்ணாவைக் கணவாய் எறங்கினதும் வெக்கை வந்துச்சு. ராகமை தாண்டினதும் தென்னை மரம் ஓடுச்சு. யாகப்பர் மூக்க வெளிய நீட்டி இழுத்துப் பாத்தாரு. ஏதோ ஒரு ஈரம். அதுக்குள்ள உப்பு இருக்கிற மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு.

"களைப்பா இருப்பே. கொஞ்சம் கண்ண மூடு," அப்படின்னாரு பியட்றிஸ்கிட்ட. "கோட்டை வந்ததும் எழுப்புறேன்."

"எங்க வந்ததும்?"

"எறங்குற எடம் வந்ததும்."

அவ கண்ண மூடினா. யாகப்பர் அவ மொகத்தையே பாத்துக்கிட்டு வந்தாரு. தூங்கயில அவ மொகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு. பாவம், பிள்ளைய நெனச்சுக்கிட்டு தூங்குறா, நாளைக்குக் காலையிலயே கூட்டிக்கிட்டுப் போயிரணும்னு முடிவு பண்ணினாரு. இன்னைக்கு மட்டும். ஜன்னல், கப்பல், ஒரு தடவ ஊதினாப் போதும்.

கோட்டைக்கு முந்தி மருதானையில ரயில் நிக்கும்ங்கிறது யாகப்பருக்குத் தெரியாம இல்ல. ஆனா அவரு புத்தியில ஓடுனது வேகன். கோட்டைன்னு மார்க்கு போட்ட எந்தப் பெட்டியும் மருதானையில கண்ண முழிச்சு, முந்தானையச் செருகிக்கிட்டு எந்திரிச்சதா அவரு கண்டதில்ல.

பியட்றிஸ் எந்திரிச்சா.

"ஏங்க, மூட்டைய எடுங்க. எறங்கணும்."

"இது மருதானை புள்ள."

"தெரியும்."

"நம்ம பாஸு கோட்டைக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். கோட்டைப் பாஸுக்காரன் மருதானையில எறங்கினா ரயில்வேக்கு ஒரு நட்டமும் இல்லையாம். முத்துலிங்கம் ஐயா சொன்னதா அவரு வீட்டு அன்னலட்சுமி அக்கா பைப்படியில சொன்னாங்க."

"சுவக்கின் காத்துக்கிட்டு..."

"அந்த அண்ணனுக்கு இந்தத் தடவ வரலன்னு நான் எழுதிப் போட்டுட்டேன். சட்டை தொவைக்கயில கடுதாசி பையிலயே இருந்துச்சு. நனைஞ்சிருச்சு. காய வச்சு திரும்ப வச்சேனே, பாக்கலையா?"

யாகப்பர் பாத்திருந்தாரு. மோந்தும் பாத்திருந்தாரு.

"கப்பலு எப்பவும் வரும்," அப்படின்னு பியட்றிஸ் கொஞ்சம் தணிஞ்ச கொரல்ல சொன்னா. "பிள்ளைக்கு எட்டு மாசம் ஒருக்காத்தான் வரும்."

யாகப்பர் எந்திரிச்சாரு. மூட்டைய எடுத்தாரு.

பிளாட்பாரத்துல றீற்றா இடுப்புல பிள்ளையோட நின்னா. பியட்றிஸ் ரெண்டு கையையும் நீட்டினா. பிள்ளைய வாங்கினா. அந்த வேகாத வெயில்ல கம்பளித் தொப்பிய எடுத்து அது தலையில மாட்டினா. பிள்ளை வீல்னு கத்துச்சு. பியட்றிஸும் அழுதா. தொப்பி அளவா இருந்துச்சு.

"வாங்க சகலை," அப்படின்னாரு வின்சன்ட்டு. "நாக்க நீட்டுங்க."

"வீட்டுல போய்ப் பாக்கலாமே."

"வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு."

யாகப்பர் நீட்டினாரு. வின்சன்ட்டு குனிஞ்சு பாத்தாரு.

"அக்கா கடுதாசியில எழுதினது சரியாத்தான் இருக்கு. வெள்ளை படிஞ்சிருக்கு. கண்டபடி உப்பு சேத்துக்குவீங்களோ? நாலு நாளைக்கு மருந்து தாறேன். வீட்டோட இருங்க. கடல் காத்து மட்டும் ஆகவே ஆகாது."

யாகப்பர் பியட்றிஸப் பாத்தாரு. அவ தொப்பியோட நாடாவ ரொம்பக் கவனமா முடிஞ்சுக்கிட்டிருந்தா.

பின்னால ரயில் கெளம்புச்சு. இன்னும் ஒரே ஒரு ஸ்டேசன். கடைசிப் பெட்டியும் வளைவுல மறைஞ்சதும், அது போன தெசையிலேருந்து என்னமோ ஒண்ணு ஊதுச்சு. தூரமா, தடிச்ச சத்தமா, நீளமா. பிளாட்பாரத்துல யாரும் திரும்பிப் பாக்கல. யாகப்பர் கையி மட்டும் தன்னால வயித்துக்குப் போச்சு. அப்பா சொன்னது சரிதான்.

இன்னொருக்கா ஊதும்னு நின்னாரு.

"ஏங்க," பியட்றிஸ் வாசல்லேருந்து கூப்பிட்டா. "என்ன அங்க நிக்கிறீங்க? ட்ராம் வந்திருச்சு, வாங்க."

அப்பத்தான் பாத்தாரு, நாக்கு இன்னும் வெளியிலதான் இருந்துச்சு. உள்ள இழுத்துக்கிட்டு, மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போனாரு.