சகோதரிகள் சங்கத்துக்கு நான் போட்ட என்.சி.ஆர்.

எனக்கு வருகிற ஒரே ஆங்கிலம் புகார் ஆங்கிலம்தான். வாழ்த்து, விசாரிப்பு என்றால் இரண்டு வரியில் மூச்சு வாங்கிவிடும். ஆனால் ஒரு தூணில் கான்கிரீட் சரியாக இறங்கவில்லை என்று வையுங்கள், படிக்கிறவர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிற மாதிரி இரண்டு பக்கம் எழுதுவேன். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் தர ஆய்வாளன் நான். வேலையில் குறை கண்டால் நாங்கள் எழுதுகிற அறிக்கைக்கு என்.சி.ஆர். என்று பெயர். நான் பேனாவைத் திறந்தாலே சைட்டில் ஃபோர்மேன்கள் ‘கலாஸ்’, தீர்ந்தது என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள். (அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.)

நான் எழுதியதிலேயே சிறந்த என்.சி.ஆர். எந்தக் கட்டடத்தைப் பற்றியதும் அல்ல. என் மகளைப் பற்றியது.

இலக்கியா எங்களுக்கு ஒரே பெண். ஷார்ஜா முவைலாவில் வளர்ந்தவள். பிளஸ் டூ முடித்ததும் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. (பெயர் வேண்டாம். அவர்களுக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியாகிவிட்டது.) முதல் நாலைந்து மாதம் அவள் போனில் பேசிய ஒரே விஷயம், அன்றைக்கு அம்மா என்ன சமைத்தாள் என்பதுதான். சனி, ஞாயிறு முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

புது வருஷம் பிறந்ததும் குரல் மாறியது. “அப்பா, நான் ஒரு சொராரிட்டில சேர்ந்திருக்கேன்” என்றாள். எனக்கு சொசைட்டி என்று காதில் விழுந்தது. ரேஷன் கடை நடத்துகிற கூட்டுறவு சொசைட்டியைத் தவிர வேறு சொசைட்டி எனக்குத் தெரியாது. என் மனைவி தமயந்தி போனை வாங்கி, மகளிர் சுய உதவிக் குழு மாதிரியா என்று கேட்டாள். கேட்டதில் அவள்தான் உண்மைக்கு அருகில் இருந்தாள்.

இலக்கியா பொறுமையாக விளக்கினாள். பெண்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். பெயர் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். ஆண்களுக்கும் அதே மாதிரி உண்டு, அதற்கு ஃபிரட்டர்னிட்டி என்று பெயர். சில வாரம் புதியவளாக இருந்துவிட்டு, ஒரு சடங்கு முடிந்ததும் சகோதரி ஆகிவிடுவாள். அடுத்த வருஷம் அவர்களுடைய வீட்டிலேயே தங்கலாம். மேகன் என்று கடைசி வருஷப் பெண் ஒருத்தி இவளுக்கு அக்காவாம். நாங்கள் அனுப்பிய இட்லிப் பொடியை ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறாளாம். இவ்வளவு நாளில் என் பெண் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆய்வாளன் ஆயிற்றே. புதியவர்களை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“அத வெளிய சொல்லக்கூடாதுப்பா.”

அந்த வார்த்தையை நான் பாலிடெக்னிக் விடுதியில் கேட்டிருக்கிறேன். முதல் மாதம் முழுக்கச் சீனியர்கள் என்னைத் தீக்குச்சியால் வராந்தாவை அளக்க வைத்தார்கள். அதுதான் இருப்பதிலேயே சின்னது. மற்றதைத் தமயந்தியிடம்கூட நான் சொன்னதில்லை. அந்த மாதக் கடைசியில் அப்பா அறந்தாங்கியிலிருந்து முறுக்கு டப்பாவோடு வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரி என்றேன். நம்பிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் போனார். பஸ் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அப்படி பஸ் ஏறிப் போகிற அப்பனாக நான் இருக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஒரு காலை ஆறரை மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வீடியோவில் வந்தாள். அவளுக்கு அங்கே முந்தின நாள் இரவு. வெள்ளை உடை. மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கயிறு. கண் இரண்டும் வீங்கியிருந்தன. பின்னால் பெண்கள் கத்துகிற சத்தம்.

“ஏன் ஆத்தா அழுதிருக்கே?”

“அழலப்பா. நல்லாத்தான் இருக்கேன். ஃபோன அவங்ககிட்ட குடுக்கணும், அப்புறமா பேசறேன்.”

துண்டித்துவிட்டாள். போனைப் பிடுங்குகிறார்கள் என்று என் மண்டைக்குள் மணி அடித்தது. அதற்குள் பழக்கதோஷத்தில் மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன்.

தமயந்தி சொன்னாள்: “அவசரப்படாதீங்க. சாயந்தரம் புள்ள பேசட்டும், கேட்டுக்குவோம்.”

சாயங்காலத்துக்குள் கான்கிரீட் இறுகிவிடும், பிறகு உடைக்கத்தான் முடியும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கே கை தட்டத் தோன்றுகிற வசனம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், இந்தச் சங்கங்களை மேய்ப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதில் புகார்ப் படிவம். தேதி, இடம், விவரம், ஆதாரம் என்று கட்டங்கள். சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு. கவனித்தது, விதிமீறல், தேவையான திருத்தம் என்று தலைப்பு போட்டு எழுதினேன். தீவிரம்: மிக அதிகம். ஏழு நாளில் பதில் வேண்டும். மூன்று படங்களிலும் சிவப்பு அம்புக்குறி போட்டேன். படம் ஒன்று, சந்தேகத்துக்குரிய உடை. படம் இரண்டு, கட்டப்பட்ட கை. படம் மூன்று, வீங்கிய கண்கள். தூணில் விரிசலைக் காட்டுவது போல என் மகளின் முகத்தில் அம்பு போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, தளத்தில் கண்ணில் பட்ட எல்லா முகவரிக்கும் நகல் அனுப்பினேன். துணைவேந்தரிலிருந்து நூலகர் வரை. கால்பந்துப் பயிற்சியாளருக்கும் போனது.

மாலை நான் ஷார்ஜா ரோட்டு நெரிசலில் நின்றபோது அங்கே காலை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மாள் அழைத்தார். மிக மரியாதையாகப் பேசினார். புகார் கிடைத்தது, அந்தச் சங்கத்தின் எல்லா நடவடிக்கைகளையும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டோம் என்றார். இவ்வளவு வேகத்தில் என் என்.சி.ஆருக்கு எந்தக் கம்பெனியும் பதில் சொன்னதில்லை. ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும்தான். கதவைத் திறந்த தமயந்தி போனை நீட்டினாள். மறுமுனையில் இலக்கியா, விசும்பலுக்கு நடுவே நடந்ததைச் சொன்னாள். சண்டையோ ராகிங்கோ எதுவுமில்லை. அது சகோதரியாகிற சடங்கு. கயிற்றைக் கட்டியது மேகன். போனை வாங்கி ஒரு கூடையில் வைத்தது, சடங்கில் மிச்சமிருந்த ரகசியப் பகுதியை யாரும் படம் எடுக்கக்கூடாது என்று.

இரண்டு நாள் கழித்து வீடியோவில் விசாரணை. நான் சைட் கேபினில் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள், இன்னும் இரண்டு அதிகாரிகள், இலக்கியா. தவறாகப் புரிந்துகொண்டேன், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பதிவான புகாரைத் திரும்பப் பெற வழியில்லை, விசாரித்து முடிக்கத்தான் முடியும் என்றார் அந்த அம்மாள். வருஷக்கணக்கில் நான் கான்டிராக்டர்களிடம் சொல்லி வந்த அதே வாக்கியம். விடாமல் நான் மறுபடி ஆரம்பித்தேன். இலக்கியா கேமராவைப் பார்க்காமல், அத்தனை பேர் முன்னால் தமிழில் சொன்னாள்.

“அப்பா, கொஞ்சம் பேசாம இருங்கப்பா.”

பேசாமல் இருந்தேன். ஹெல்மெட் மட்டும் தலையில் இருந்தது.

பிறகு தெரிந்தது, பல்கலைக்கழகமும் இந்தச் சங்கங்களும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிற மாமியார் மருமகள் மாதிரி. சங்கங்கள் இல்லாவிட்டால் பாதி மாணவர்களுக்குத் தங்க இடமில்லை, பழைய மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தால் எப்போது எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம். சில வருஷம் முன்னால் ஆண்கள் சங்கம் ஒன்றில் ஒரு பையன் பலமாக அடிபட்டிருக்கிறான். அதிலிருந்து பல்கலைக்கழகம், சங்கங்கள் மேல் கை வைக்க ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தது. காகிதம் ஷார்ஜாவிலிருந்து வந்தது, அம்புக்குறியோடு.

ராகிங் நடந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் விசாரிக்கப் போனவர்கள், சட்டப்படி குடிக்கிற வயது ஆகாத பெண்கள் இருந்த ஒரு விருந்தில் மது இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்த விருந்துக்கு இலக்கியா போகவே இல்லை. ஒரு வருஷத்துக்குச் சங்கத்தை மூடினார்கள். அந்த வீட்டில் தங்கவிருந்த பெண்கள் எல்லோரும் வேறு இடம் தேடி அலைந்தார்கள். யார் அப்பாவால் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நகல் போனவர்களில் யாரோ ஒருவர் மாணவர்களிடம் காட்டியிருந்தார்.

யாரும் என் பெண்ணைத் திட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

மேகன் ஒருத்திதான் எனக்கு ஒரு மெயில் போட்டாள். குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாள். சடங்கில் ஒவ்வொருத்தியும் தன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமாம். இலக்கியா என்னைப் பற்றிப் பேசினாளாம். ஜூன் வெயிலில் சைட்டிலிருந்து வந்து, சட்டையில் உப்புப் பூத்திருக்க, இவளைப் பேச்சுப் போட்டிக்குக் கூட்டிப் போய்க் கடைசி வரிசையில் நிற்பேனே, அதை. பேசி முடிப்பதற்குள் அழுதுவிட்டாளாம். கேட்டவர்களும் அழுதார்களாம்.

படம் மூன்று, வீங்கிய கண்கள்.

மேகனுக்குப் பதில் எழுத ஒரு வாரம் உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் திருத்த நடவடிக்கை மாதிரியே வந்தது. கடைசியில் இரண்டு வரி அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

சங்கத்தை ஒரு வருஷம் கழித்துத் திறந்தார்கள். இலக்கியா திரும்பிப் போகவில்லை. பட்டமளிப்புக்கு நாங்கள் போயிருந்தோம். புல்வெளியில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கூட்டத்தில் மூன்று பேர்தான். தமயந்தி என் டையைச் சரிசெய்தபடி, இன்றைக்காவது யாருக்கும் மெயில் போடாமல் இருங்கள் என்றாள். இலக்கியா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போது சொந்தக்காரர்கள் கூடினால் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடிவதில்லை. கால்பந்துப் பயிற்சியாளர் வருகிற இடத்தில் குழந்தைகள்கூட உருண்டு சிரிக்கும். லீவுக்கு வந்தால் இலக்கியாவே எழுந்து, ஹெல்மெட்டோடு நான் உட்கார்ந்திருந்ததை நடித்துக் காட்டுவாள்.

அவள் அங்கேயே வேலையில் இருக்கிறாள். எதையும் என்னிடம் நீளமாகச் சொல்வதில்லை. வீடியோவிலும் அதிகம் வருவதில்லை. ஞாயிறுதோறும் குடும்ப வாட்ஸ்அப்பில் எனக்கென்று ஓர் அறிக்கை மட்டும் வரும். சாப்பாடு: சரி. தூக்கம்: சரி. வேலை: சரி. குறைகள்: இல்லை. மச்சினன் குடும்பம் உடனே சிரிப்புப் படங்களைப் போடும். நானும் ஒன்று போடுவேன்.

பிறகு அந்த நாலு வரியைத் திரும்ப ஒருமுறை படிப்பேன். இத்தனை வருஷ வேலையில் எனக்கு நன்றாகத் தெரியும். வாராவாரம் ‘குறைகள்: இல்லை’ என்று ஒரே மாதிரி வருகிற அறிக்கை, பார்க்க வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புவதற்காக எழுதுவது.