கருவாட்டுக்கு ஏசி கார்

எங்கள் குடும்பத்தில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், எந்த வண்டியில் போவது என்று என்னிடம் மட்டும் கேட்கமாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரே ஒரு முறை, சேலம் விமான நிலையத்திலிருந்து ஏற்காடு ஹோட்டலுக்கு இரண்டு பேரை அழைத்து வரும் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு பேர் என் வருங்கால மாமனாரும் மாமியாரும். (‘வருங்கால’ என்பதே அன்றைக்கு உறுதியில்லாமல்தான் இருந்தது.)

நான் நாகலூர்க்காரி. அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சென்னையில் வேலை பார்த்த இடத்தில் கார்த்திக்கும் எனக்கும் பிடித்துப்போய்விட்டது. அவன் அப்பா உடனே சரி என்றுவிட்டார். அம்மாதான், "முதல்ல வந்து பாக்கறேன், அப்புறம் சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார். அதிலும் அவருக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி. ஆக, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் அந்தச் சம்மதம் மேலே வந்து சேரவேண்டும்.

"எனக்கு லீவு கிடைக்கல. ஹோட்டல்லயே ஏசி கார் அனுப்புவாங்க. புக் பண்ணிட்டேன்" என்றான் கார்த்தி.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் மலைக்கு வருகிறவர்களை முன்பின் தெரியாத டிரைவரா அழைத்து வருவது? "அதை கேன்சல் பண்ணு. எங்க பெரியப்பா பையன் முருகேசண்ணன் ஜீப் வெச்சிருக்காரு. பொறந்ததுல இருந்து அந்த ரோட்டுல போய் வர்றவ நான். உங்க அம்மாவை அலுங்காம குலுங்காம கொண்டுபோய் விடறேன் பாரு" என்று சவால் விட்டேன். (பிறந்ததிலிருந்து போய் வந்தது பஸ்ஸில். அதுவும் ஜன்னலோர சீட்டில். இது அப்போது ஞாபகம் வரவில்லை.)

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. கீழே போன வண்டி காலியாக மேலே வரக்கூடாது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் காலி வண்டி மலையேறுவதைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு மனசு தாங்காது. ஜீப் சேலம் போகிறது என்று தெரிந்ததும் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க முருகேசு, நம்மூட்டு கிரைண்டரு சேலத்துல ரிப்பேருக்குக் கெடக்குது. வரயில அப்படியே தூக்கிப் போட்டுட்டு வந்துருங்க" என்றார் ஒருவர். இன்னொருவருக்கு ஒரு மூட்டை கருவாடு வேண்டும். அடுத்த வீட்டுச் சின்னம்மாவுக்கு ஒரு பெட்டி கோழிக்குஞ்சு. முருகேசண்ணன் யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், மெட்ராஸ் போனதும் பவுசு வந்துவிட்டது என்பார்கள்.

விமானம் இறங்கியபோது ஜீப்பின் பின்பக்கம் நிறைந்திருந்தது. பட்டுப்புடவையில் அத்தை வந்தார், பின்னால் மாமா. நான் கும்பிட்டு நிமிரும்போதுதான் பார்த்தேன், பக்கத்தில் ஒருவர் மாமாவின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி நிற்கிறார். ஹோட்டல் கார்! கார்த்தி கேன்சல் செய்யவில்லை. (மறந்துவிட்டானா, என்னை நம்பவில்லையா என்பதை இன்றுவரை அவன் சொல்லவில்லை.)

கொஞ்சம் மூளை இருக்கிற யாரும் விருந்தாளிகளைக் காரில் ஏற்றிவிட்டு, கருவாட்டோடு தாம் ஜீப்பில் வந்திருப்பார்கள். நான்தான் சவால் விட்டவள் ஆயிற்றே.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று அந்த டிரைவரிடம் கேட்டேன்.

"கரடியூருங்க."

"இவங்க எங்க ஜீப்புலயே வந்துருவாங்க. அப்ப நீங்க மேல சும்மாதான போறீங்க?"

மலைக்காரரிடம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "அதுக்கென்னங்க, எடுத்து வெய்யுங்க" என்று டிக்கியைத் திறந்துவிட்டார். கிரைண்டரும் கருவாடும் டிக்கிக்குள் போயின. "குஞ்சுங்க பாவமுங்க, அதுக்குள்ள மூச்சு முட்டும்" என்று கோழிக்குஞ்சுப் பெட்டியை அவரே பின் சீட்டில் வைத்தார். நொம்பக் குளிரும் என்று ஏசியைக் கொஞ்சம் குறைத்தும் வைத்தார். "சூட்கேஸும் அதுலயே போவட்டும் கண்ணு, காலு நீட்டி உக்காரலாம்" என்று முருகேசண்ணன் அதையும் ஏற்றினார். கருவாடு ஏசி காரில் கிளம்பிப் போயிற்று. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை தார்ப்பாய் ஜீப்பில் ஏறினார்.

மாமாவுக்கு முழங்கால் வலி, அதனால் முன் சீட். அத்தையும் நானும் பின்னால், எதிரெதிர் பலகையில். அடிவாரம் வந்ததும் அத்தை மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, என் சூட்கேஸ் எங்க? வாந்தி மாத்திரை அதுலதான் இருக்கு."

"அது... கார்ல போகுது ஆன்ட்டி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் கல்யாணம் இந்த மலையைத் தாண்டாது என்று நான் முடிவே செய்துவிட்டேன். இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு என்று அவர் முகத்தையே பார்த்தபடி, "இன்னும் கொஞ்சந்தான் ஆன்ட்டி" என்று புளுகிக்கொண்டே வந்தேன். ஏழாவது வளைவில் ஒரு வயிறு புரண்டது. அது என் வயிறு. ஒன்பதாவது வளைவில் பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் போய் வருகிறவள் வாந்தி எடுத்தாள். அத்தையின் பட்டுப்புடவை மேல்.

ஜீப் நின்றது. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். ஒரு கை வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது.

"அடக்காதே, வந்துடட்டும். நான் எடுக்காத வாந்தியா? குனியாதே, தூரத்துல ஒரு மரத்தைப் பாரு. வாயால மூச்சு விடு. என்னங்க, நீங்க பின்னாடி வாங்க, இந்தப் பொண்ணு முன்னாடி உக்காரட்டும்!"

மாமா முழங்காலைத் தடவிக்கொண்டே இடம் மாறினார். மிச்சம் பதினோரு வளைவுக்கும் அத்தை பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மரத்தைப் பாரு, மரத்தைப் பாரு" என்று அதட்டிக்கொண்டே வந்தார். தமக்கு வாந்தி வரவேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

ஹோட்டலில், "லக்கேஜெல்லாம் ரூம்ல வெச்சாச்சுங்க" என்று பெருமையாகச் சாவியைக் கொடுத்தார்கள். கதவைத் திறந்தோம். கட்டிலில் துண்டை மடித்துச் செய்த அன்னப்பறவை, அதற்குப் பக்கத்தில் கீச்கீச்சென்று கோழிக்குஞ்சுப் பெட்டி. மேசை மேல் கிரைண்டர். துணி அலமாரிக்குள் கருவாட்டு மூட்டை. வழியெல்லாம் வாய் திறக்காத மாமா, "அப்ப நமக்கு எந்த ரூம்?" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிஜமாகவே பயந்துவிட்டேன், கார்த்தி இனி எனக்கில்லை என்று. அத்தை புடவையைக் கூட மாற்றாமல் அவனுக்கு போன் போட்டார்.

"பொண்ணு நம்ம வீட்டுக்குச் சரியா வரும்டா. இத்தனை வருஷமா நான் ஒருத்திதான் வாந்தி எடுத்துட்டு உங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்கிட்டிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "வண்டி ஏற்பாடு மட்டும் அவகிட்ட விடாதே" என்றார்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது தலைகீழாக எதையாவது செய்துவைத்தால், ‘கருவாட்டுக்கு ஏசி கார்’ என்று ஒரு வார்த்தைதான், எல்லோரும் சிரித்துவிடுவார்கள். போன மாதம் அத்தையோடு ஊருக்குப் போனபோது விமான நிலையத்துக்கு அதே கரடியூர்க்காரர்தான் கார் கொண்டுவந்திருந்தார். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்கம்மா, இந்தவாட்டி கருவாடு எதுவுமில்லீங்களா?"

அத்தை கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இல்லீங்க. இந்த ஒரு லக்கேஜ்தானுங்க" என்று என்னைக் காட்டினார். "முன்னாடி வெச்சுக்குங்க."