டத்தோவின் நம்பிக்கை

புரட்டாசி முடிவதற்குள் ஒரு பூனையின் நம்பிக்கையைப் பெற்றே தீருவது என்று சபதம் எடுத்துக்கொண்டேன். பெண்டாட்டியின் நம்பிக்கையைப் பெறலாமே என்று கேட்பீர்கள். சுலபமானதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றுதான்.

புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் என் மனைவி ஜெயலெட்சுமி, சுங்கை பாக்காப்பில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போனாள். திரும்பும்போது ஒரு சாம்பல் நிறப் பூனையும் எங்களோடு வந்தது. பேர் டத்தோ. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷன் மாதிரி வயிறு முன்னே போக நடக்கும், ஆகையால் அந்தப் பேர். புறப்படுகிற நேரத்தில் அக்கா புருஷன் சுப்பையா, என் சகலை, கார் ஜன்னலில் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சகலை, கைய மட்டும் நல்லா கழுவிக்குங்க” என்றார். கண் கலங்கியிருந்தது. பூனை முடி, கிருமி என்று ஏதோ அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பூனையைப் பிரிகிற துக்கம் வேறு என்று பரிதாபப்பட்டேன்.

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் சைவம். வருஷா வருஷம் உள்ளதுதான். இந்த வருஷம் ஜெயா ஒரு நிபந்தனை போட்டாள்.

“போன புரட்டாசியில, இந்தப் பினாங்கிலேயே விரதமிருந்து எடை கூடுன ஒரே ஆளு நீங்கதான். இந்த வாட்டி மாசம் பூரா ஒழுங்கா இருந்தா தீபாவளிக்கு ஆட்டுக்கறி. இல்லைனா தீபாவளிக்கும் சாம்பார்தான்.”

எனக்குத் தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியலும் இல்லை, புதுச் சட்டையும் இல்லை. விடிந்ததும் இட்லி மேல் ஊற்றுகிற அந்தக் கறிக்குழம்புதான். பெருமாள் படத்துக்கு முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். சூடம் சுட்டது. பெருமாள் அப்போதே எச்சரித்திருக்கிறார்.

விரதம் டத்தோவுக்கும் சேர்த்துத்தான். வீட்டில் மீன் கிடையாது, பாலும் பூனை பிஸ்கட்டும்தான். அப்படியும் அது ஜெயாவின் மடியில் சுருண்டு படுக்கும். மேல்மாடி பிரமிளா வந்தால் அவள் மடிக்கும் போகும். என்னைக் கண்டால் மட்டும் சோபாவுக்கு அடியில் நுழைந்துவிடும்.

“பூனைக்கு ஆளு தெரியும்ங்க” என்றாள் ஜெயா. சபதம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

பூனை பழக்குவது எப்படி என்று போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் பாடம் நடத்தினார். முதல் பாடம்: பூனையின் உயரத்துக்கு நாம் இறங்க வேண்டும். தரையில் உட்கார்ந்தேன். இறங்குவதைச் சொன்னவர் ஏறுவதைச் சொல்லவில்லை. ஜெயா ஒரு கையையும் பிரமிளா ஒரு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

அடுத்த பாடம்: பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமாம். நான் கண்ணை மூடித் திறந்தபோது பூனையே இல்லை.

கடைசியாக, விரலை நீட்டி முகர விட வேண்டும். தயிர் சாதம் சாப்பிட்ட விரலை நீட்டினேன். டத்தோ முகர்ந்தது. என்னை ஒரு தரம் பார்த்தது. பின்னங்காலை உதறிவிட்டுப் போய்விட்டது. சிரிக்காதீர்கள், எனக்கு உண்மையிலேயே மனசு வலித்தது.

மறுநாள் மத்தியானம் ஆபீஸ் வேலையாகக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் போனேன். வேலை உண்மை. காற்றுதான் கறிச்சோறு விற்கிற நாசி கண்டார் கடைப் பக்கமிருந்து வீசியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டியும் விட்டேன். பின்னாலிருந்து கடைக்கார ஹாஃபிஸ் குரல் கொடுத்தார்.

“என்னண்ணே, இப்படி மெலிஞ்சிட்டீங்க?”

வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அந்தப் பரிவுக்கு முன்னால் என் சத்தியம் உருகிவிட்டது. பொரித்த கோழி, மீன் முட்டைக் கறி, எல்லாக் குழம்பும் கலந்து சோறு மிதக்கிற மாதிரி ஒரு தட்டு. சாப்பிட்டு முடித்ததும் சகலை சொன்னது ஞாபகம் வந்து, சோப்புப் போட்டு, எலுமிச்சை தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினேன். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டேன். என் கை ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தேன். டத்தோ வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. காலைச் சுற்றியது. சோபாவில் உட்கார்ந்ததும் மடியில் ஏறி, நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி, முகத்தோடு முகம் தேய்த்தது. வெள்ளைக்காரர் வாழ்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விதி யாரை விட்டது. “ஜெயா, வந்து பாரு, பிரமிளாவையும் கூப்பிடு” என்று நானே சாட்சிகளை வரவழைத்தேன்.

இருவரும் வந்து நின்றபோது டத்தோ என் மீசையை ஒரு முடி விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

“பாத்தியா? நம்பிக்கைன்றது பொறுமையா சேக்கறது” என்றேன்.

“மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?” என்றாள் ஜெயா.

“தயிர் சாதம்.”

“நேத்து தயிர் சாதத்துக்கு காலை உதறுன பூனை, இன்னிக்கு ஏன் லா மீசைய இப்படி நக்குது?”

“பாசம்” என்றேன்.

ஜெயா குனிந்து என் மீசையை முகர்ந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நெருங்கி வந்ததில்லை.

“இது பாசம் இல்லீங்க. மீன் முட்டை.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிரமிளாவைத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுச் சாம்பார் சாப்பிட அழைத்தாள். டத்தோவுக்கு ஒரு கிண்ணம் பால் ஊற்றித் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு அக்காவுக்குப் போன் போட்டாள், எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்.

“அக்கா, டத்தோ வேலைய முடிச்சிருச்சு. போன விரதத்துல ஒன் வீட்டுக்காரரு மாட்டுன கதையேதான். இல்லக்கா, இப்ப திருப்பி அனுப்ப முடியாது. பிரமிளா கேட்டு வச்சிருக்கா, அவ வீட்டுக்காரரு கந்த சஷ்டி விரதம் இருக்கப் போறாராம்.”

போனுக்குள் எங்கோ பின்னாலிருந்து சகலையின் குரல் கேட்டது.

“அடடா சகலை, மீசைய சொல்ல மறந்துட்டேனே.”