சீட் யாருக்குப் பழகியது?

இதை எனக்கு முதலில் சொன்னது என் தம்பி. போன மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய வாரம் அது. வீட்டுக்கு வந்தவன் உட்காரவே இல்லை.

"உட்காருடா."

"இருக்கட்டும்க்கா."

"மெத்தை வச்ச நாற்காலி இருக்கே."

"அக்கா, உட்காருன்னு இன்னொரு தடவை சொன்னா நான் போயிடுவேன்."

டீயை நின்றுகொண்டே குடித்தான். கதையையும் நின்றுகொண்டேதான் சொன்னான்.

தம்பிக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த பஸ் எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று நேரம் குறிக்க வேண்டும். ஊர் ஊராகப் போகிறவர்களை எல்லாம் கையசைத்து அனுப்பிவிட்டு, இவன் மட்டும் அதே நாற்காலியில் இருப்பான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றானாம்.

"நம்ம வீட்டுக்குப் பின்னால ஓடுதே ஆறு, அது கடல்ல சேர்ற இடம் வரைக்கும் சைக்கிள்லயே போகப் போறேன்!"

அவன் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி வந்த புதிதில், பின்வாசலில் துணி காயப்போடும்போது, "இந்த ஆறு எங்கேங்க போய் முடியுது?" என்று கேட்டவள் அவள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எங்கேயோ முடியும்" என்பதுதான் இவன் பதில்.

"நானும் வரட்டுமாங்க?"

"நீயா! இது பல நாள் பயணம். பாரமே கூடாது. பல் தேய்க்கிற பிரஷ்லயே பாதிப் பிடியை வெட்டப் போறேன். உன்னை எங்கே வைக்கிறது?"

சொன்னபடியே வெட்டினான். பிரஷ்ஷில் பாதி, சீப்பில் பாதி, சோப்பில் பாதி. துண்டைக் கிழித்துக் கைக்குட்டை ஆக்கினான். சட்டையில் வேண்டாத பட்டன்களைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தான். தொப்பையைத் தராசில் வைக்க வழியில்லை, அதனால் அது தப்பித்தது.

புது சைக்கிளுக்குத் தோல் சீட் போட்டார் கடைக்காரர். வாங்கப் போனபோது அவளும் கூட இருந்தாள்.

"புதுசுல கல்லு மாதிரி இருக்கும் சார். தினமும் உட்கார்ந்து மிதிச்சாதான் பழகும். அப்புறம் பூ மாதிரி."

"யார் உட்காரணும்?" என்று அவள் கேட்டாள்.

கடைக்காரர் விவரமாகச் சொன்னார். தம்பி மணியை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக் கூடத்தில், பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றுகிற மாதிரி ஒரு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினார்கள். தம்பி ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் இறங்கினான். இறங்கும்போதே யோசனை வந்துவிட்டது.

"ஏம்மா, எனக்கு வழி பார்க்கிற வேலை தலைக்கு மேல இருக்கு. நீ தினமும் இதுல கொஞ்ச நேரம் மிதியேன். சீட் பழகட்டும். இந்தப் பயணத்துல உனக்கும் ஒரு பங்கு வேணாமா?"

"நான் உட்காரலாமாங்க? கடைக்காரர் என்னமோ சொன்னாரே..."

"கடைக்காரர் கிடக்கறார். சீட்டுக்கு ஒரு ஆள் வேணும். ஆள் யாரா இருந்தா என்ன?"

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சாச்சு!"

"கஷ்டம் அவளுக்கு, சுகம் எனக்குன்னு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்புக்கா" என்றான் என்னிடம்.

அவள் பட்டாணி உரித்துக்கொண்டே மிதித்தாள். டிவி பார்த்துக்கொண்டே மிதித்தாள். ஒரு நாள் நான் போனபோது ஹாண்டில்பாரில் பிரார்த்தனைப் புத்தகத்தைச் சாய்த்து வைத்திருந்தாள்.

"மிதிச்சுக்கிட்டே வேண்டிக்கலாமா அண்ணி?"

"வழித்துணைக்கு வர்றவர் சைக்கிள்னா வரமாட்டாரா? நீ மிதிம்மா" என்றேன்.

தம்பி கட்டிலில் படுத்து, வயிற்றின் மேல் மேப்பை விரித்து, ஆற்றோரமாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். விரல் நல்ல வேகம்.

கிளம்பிய அன்று டிப்போவே வந்து கை தட்டியது. பாலம் வரைக்கும் பாட்டு. பாலம் தாண்டியதும் பாட்டு முனகலானது. செங்கல் சூளை வருவதற்குள் எழுந்து நின்று மிதித்தானாம்.

"தோல்ல ரெண்டு குழி விழுந்திருக்குக்கா. ரெண்டும் என் குழி இல்லை!"

உட்காருகிற ஆளின் உடம்புக்குத் தக்கபடிதான் அந்தத் தோல் குழிந்து கொடுக்குமாம். கடைக்காரர் சொன்னது அதைத்தான்.

அடுத்த ஊரில் இறங்கி, வீட்டுக்குப் போன் போட்டான்.

"என்னங்க, அதுக்குள்ள கடல் வந்துடுச்சா?"

"பஸ்ஸைப் பிடிச்சு வா. ஒரு தலையணை எடுத்துட்டு வா."

வந்தாள். ஒரு கையில் தலையணை, தோளில் சின்னப் பை, காலில் கான்வாஸ் ஷூ.

"எதுக்குடி ஷூ?"

"நடக்க வேண்டியிருந்தா?"

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். சீட்டைத் தன் உயரத்துக்குச் சட்டென்று இறக்கி முறுக்கினாள். ஏறி உட்கார்ந்தாள்.

"பூ மாதிரிதாங்க இருக்கு! நீங்க சைக்கிள்ல கட்டியிருக்கற பைகளை எடுத்துக்கிட்டு பஸ்ல வாங்க. பாரமே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் அடுத்த வளைவைத் தாண்டியாயிற்று.

பைகளோடும் தலையணையோடும் பஸ் ஏறினான். அவன் டிப்போ பஸ்தான்.

"சார், சைக்கிள் எங்கே?" என்றார் கண்டக்டர்.

"முன்னால போய்க்கிட்டு இருக்கு."

அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் பஸ் ஸ்டாண்டில் பைகளுக்குக் காவல் நின்றானாம். "சும்மா நிக்க முடியலைக்கா. அவ வந்து சேர்ற நேரத்தைக் குறிச்சு வச்சேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தெரிந்துகொள்ளும் ஆசையை மட்டும் அடக்க முடியவில்லை.

"சரிடா, அந்த ஆறு எப்படித்தான் முடியுது?"

"அவளைத்தான் கேட்கணும். பஸ் அதுவரைக்கும் போகாது."

மறுநாளே போய் அவளைக் கேட்டேன்.

"முடியறதாவே தெரியலை அண்ணி. கடலே கொஞ்ச தூரம் உள்ளே வந்து, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

அவள் டீ போட உள்ளே போனதும், அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். யாரும் இல்லையே என்று ஒரு தடவை ஏறியும் பார்த்தேன். என் குழியும் இல்லை அது.

அடுத்து மலைப் பக்கம் போகப் போகிறாளாம். பஸ் நேரமெல்லாம் தம்பி பார்த்து வைத்துவிட்டான். வழியில் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பைகளோடு ஒருவன் நிற்பதைப் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். உட்காரச் சொல்லாதீர்கள்.