சுப்புராயனின் கடல் குளியல்

"இன்னாய்யா, தோளாண்ட மட்டும் சட்டை ஈரமா கீது?"

வாசலிலேயே மடக்கிய அங்கம்மா, குனிந்து மோந்தும் பார்த்துவிட்டாள். "உப்பு நாத்தம் வேற!"

சுப்புராயன் ஓரடி பின்வாங்கினான். "அது... கடல்ல குளிச்சேன்."

"தோள மட்டுமா குளிப்பாட்டினே?"

"அலை தோள்லதான் அடிச்சுது!" என்று உளறிவிட்டு உள்ளே நழுவினான்.

உண்மையைச் சொல்ல வழியில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன், ஏணியிலிருந்து விழுந்ததில் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. டாக்டர் வேதமாணிக்கத்திடம் ஒரு கரண்ட் பெட்டி இருந்தது. உப்புத் தண்ணீரில் நனைத்த பட்டையைத் தோளில் கட்டிக் குமிழைத் திருகுவார். எறும்பு ஊறுவதுபோல் சுருசுருக்கும், சதை தானாகத் துள்ளும், வலி மெல்ல இறங்கும். மூன்று வாரத்தில் கை காதுவரை ஏறிவிட்டது. புதன், வெள்ளி என்று இன்னும் இரண்டே தடவை. சனிக்கிழமை ஹார்பர் டாக்டர் முன்னால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால் மறுபடி கிரேன். இல்லையென்றால் ஆயுசுக்கும் கேட்டில் வாட்ச்மேன் ஸ்டூல்.

ஆனால் அங்கம்மாவுக்குக் கரண்ட் என்றால் எமன். எதிர்வீட்டு ஆடு விளக்குக் கம்பத்தில் உரசிச் செத்ததிலிருந்து, ராயபுரத்தில் அந்தத் தெருவே பளபளக்க, அவர்கள் வீட்டில் மட்டும் அரிக்கேன் விளக்கு.

"இந்த வூட்ல எவனாவது கரண்ட தொட்டான், நா திருவொத்தியூருக்கு, எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்!"

புதன்கிழமை சுப்புராயன் உஷாரானான். சிகிச்சை முடிந்ததும் நேராகக் கடலுக்குப் போய், சட்டையோடு முழுக்குப் போட்டுவிட்டுச் சொட்டச் சொட்ட வந்தான்.

"எதுக்குய்யா மறுபடி முழுக்கு?"

"வேண்டுதல்."

வியாழக்கிழமை சிகிச்சையும் இல்லை, முழுக்கும் இல்லை; அவள் கோயிலுக்குப் போய்விட்டதால் ஏன் என்ற கேள்வியும் இல்லை, நிம்மதி. ஆனால் போகிற வழியெல்லாம் வேண்டுதல் சேதியைப் பரப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது வாசலில் மச்சான் மாரியப்பன், காசிமேட்டிலிருந்து தேங்காயும் துண்டுமாக வந்து நின்றான்.

"வா மாமா, ஒண்ணா முழுக்குப் போட்லாம்!"

"இது தனி ஆள் வேண்டுதல் மச்சான். கூட யாரும் வரக்கூடாது."

"பொண்டாட்டி வர்லாமில்ல?" என்று அங்கம்மா புடவையை இழுத்துச் செருகினாள்.

சுப்புராயன் எடுத்தான் ஓட்டம். சந்து புகுந்து சந்து மாறித் திரும்பிப் பார்த்தால், பத்தடி பின்னால் அங்கம்மா! போன மாதம்வரை முட்டிவலி என்று தண்ணீர்க் குடத்தைக்கூட அவனையே தூக்கச் சொன்னவள், குதிரைபோல் வந்துகொண்டிருந்தாள். ஆத்திரம் வந்தால் வலிகூடப் பறந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். மீன் கூடைக்காரிகள் கூட்டத்தில் புகுந்து எப்படியோ தப்பி, டாக்டர் வீட்டை அடைந்தான்.

பட்டை கட்டியாயிற்று. குமிழ் திருகியாயிற்று. தோள் துள்ள ஆரம்பித்த நேரம், கதவு படாரென்று திறந்தது.

"அடப்பாவி! கரண்டா!"

"அம்மா வூட்டுக்கு மட்டும் பூடாதே அங்கம்மா!" சுப்புராயன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். வலது கை, இடது கையைவிட ஒரு விரல் உயரமாகவே நின்றது. அதைக் கவனிக்கத்தான் அங்கே ஆளில்லை.

மூலையில் பட்டைகளைப் பிழிந்துகொண்டிருந்த ஆயா ஷரீஃபுன்னிசா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா அங்கம்மாக்கா, இன்னிக்கு ஆம்பளைங்க நாளாச்சே! உன் முட்டிக்குக் கரண்டு நாளைக்குத்தானே?"